அரை மூடி

என் ஆய்வேட்டில் அவருக்குப் பெயர் இல்லை. "தோட்டம் ஏழு" என்றுதான் இருக்கிறது. ஆய்வுக்குத் தோட்டம் தந்தவர்களைப் பெயர் சொல்லி எழுதக் கூடாது, இலக்கம்தான் போட வேண்டும் என்பது விதி. இங்கேயும் பெயரை எழுதப் போவதில்லை. விதிக்குப் பயந்து அல்ல. அந்தப் பெயரை எழுத எனக்குக் கை வராது, அவ்வளவுதான். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பிள்ளை என்று கூப்பிட்டார். இரண்டே இரண்டு தடவை தங்கச்சி என்று கூப்பிட்டிருக்கிறார். அந்த இரண்டையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு எல்லாமே அரைவாசிதான். தேத்தண்ணீர் தந்தால் கோப்பையில் அரைவாசிதான் இருக்கும். குடித்து முடித்தால் இன்னொரு அரைவாசி வரும். சவர்க்காரக் கட்டியை நூல் போட்டு அறுத்து ஒரு பாதியைத்தான் கிணற்றடிக்குக் கொண்டுபோவார். பாண் வாங்கினால் அரை றாத்தல். கதைப்பதும் அப்படித்தான். "அவள் நேற்று வந்தவள், வந்து..." என்று தொடங்கிவிட்டு மிச்சத்தைக் கேட்கிறவர் தலையில் போட்டுவிடுவார். முதல் தரம் எனக்கு முந்திரிகைப்பழம் தந்தபோது, கொடியிலிருந்த குலையைக் கத்தரியால் குறுக்கே வெட்டிக் கீழ்ப்பாதியை என் கையில் வைத்தார். மேல்பாதி கொடியிலேயே தொங்கியது. "அது அணிலுக்கு. அதுவும் வாய் பாத்துக்கொண்டு தானே இருக்கு" என்றார். முழுதாக அவர் ஒன்றைச் செய்து நான் பார்த்தது ஒரே விஷயத்தில்தான். ஒருவருக்கு ஒரு சொல் கொடுத்தால் அதை முழுதாகக் காப்பார்.

"உவ அரைக்கிணறு தாண்டுற ஆள், பிள்ளை" என்று அவருடைய கணவர் சொல்லிச் சிரிப்பார். அவரை நான் அண்ணை என்பேன்.

"தாண்டச் சொல்லி ஆர் கேட்டது? நான் பாட்டுக்குக் கிணத்துக்கட்டிலை நிண்டு தண்ணி அள்ளிக்கொண்டு வாறன்" என்பார் அக்கா.

வீடு யாழ்ப்பாணத்தில், உடுவில் பக்கம். பின்னால் செம்மண் தோட்டம், அதில் முந்திரிகைப் பந்தல். வெளியே இருப்பவர்களுக்கு முந்திரி என்றால் வறுத்துத் தின்கிற கொட்டை. நாங்கள் திராட்சையைத்தான் முந்திரிகை என்போம். சீமெந்துத் தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆளுயரத்துக்கு மேலே கொடியைப் படரவிட்டிருந்தார்கள். கீழே நடந்தால் நல்ல குளிர்ச்சி. ஆனால் அந்தப் பந்தலுக்கு மருந்தடிப்பது பொல்லாத வேலை. கீழே நின்று, தலையை அண்ணாந்து, மேல்நோக்கி அடிக்க வேண்டும். இலையில் பட்டதில் ஒரு பங்கு முகத்திலும் கழுத்திலும் திரும்பி விழும். அண்ணைக்கு ஒரு கால் சரியில்லை. மருந்து மெசினை முதுகில் சுமந்துகொண்டு நிற்க ஏலாது. கம்பி இழுப்பதும் கொடி கத்தரிப்பதும் அவர் வேலை, மருந்தடிப்பது அக்காவின் வேலை. அண்ணையின் பழைய நீளக்கைச் சேட்டைப் போட்டு, தலையில் துவாயைக் கட்டி, மூக்கையும் வாயையும் ஒரு பழஞ்சேலைத் துண்டால் மூடிக்கொண்டு நிற்பார். கண் மட்டும் தெரியும். அந்தக் கண்ணும் சிரித்துக்கொண்டிருக்கும்.

நான் அங்கே போனது பூச்சி பிடிக்க. முந்திரிகைக் கொடியின் கணுக்களில் பஞ்சு ஒட்டியது போல அப்பிக்கொண்டிருக்கும் ஒரு பூச்சி. வெண்மூட்டுப்பூச்சி என்பது புத்தகப் பெயர். அக்கா பஞ்சுப்பூச்சி என்பார். சாற்றை உறிஞ்சிக் குலையைக் கெடுத்துவிடும். எந்த மருந்துக்கும் அது சாகவில்லை என்று தோட்டக்காரர்கள் எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். ஏன் சாகவில்லை என்பதுதான் என் ஆய்வு. அரியாலையிலிருந்து ஸ்கூட்டரில் நீல மூடி போட்ட ஐஸ் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகத் திரிந்தேன். ஏழாவதாகத்தான் அக்காவின் வாசல் படலையில் போய் நின்றேன்.

"என்னத்துக்குப் பிள்ளை வந்தனீ?"

"பூச்சி பிடிக்க வந்தனான், அக்கா. பெட்டியிலை போட்டுக்கொண்டு போய்ப் பாக்கவேணும்."

அக்கா என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "இஞ்சாருங்கோ!" என்று அண்ணையைக் கூப்பிட்டார். "உது துலையட்டும் எண்டு நாங்கள் அம்மனுக்கு நேந்து வைச்சிருக்கிறம், உதுகளுக்கு ஐஸ் பெட்டியும் வாகனமும் வந்து நிக்குது! எல்லாத்தையும் பிடிச்சுக்கொண்டு போ பிள்ளை. ஒண்டும் மிச்சம் வைக்காதை."

அதுதான் அவர் எனக்கு அரைவாசி சொல்லாத முதல் சந்தர்ப்பம்.

ஆய்வுகூடத்தில் நான் செய்தது பார்வைக்குப் பெரிய விஷயமில்லை. பூச்சியின் உடம்பில் நஞ்சை உடைத்துப்போடுகிற நொதியங்கள் இருக்கின்றன. பூச்சியை ஐசில் வைத்து அரைத்து, தெளிந்த நீரை எடுத்து, உரிய சாயத்தைச் சேர்த்தால் குழாயில் நீலம் வரும். அந்த நொதியம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு நீலம் கடுக்கும். மற்ற ஆறு தோட்டத்துக் குழாய்களும் ஏதோ நீலமாக இருந்தன. ஏழாவது மை போல வந்தது. நான்தான் எங்கேயோ பிழை விட்டுவிட்டேன் என்று திரும்பச் செய்தேன். திரும்பவும் மை. ஆய்வுகூடத்தில் ஆரும் இல்லை. நான் அந்தக் குழாயை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தனியே நின்று சிரித்தேன். ஆய்வு செய்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள், அந்தச் சந்தோசம் வாழ்க்கையில் இரண்டு மூன்று தரம்தான் வரும்.

அடுத்த நாளே உடுவிலுக்கு ஓடினேன். மருந்து கலக்கிற நேரமாகப் பார்த்துப் போய் நின்றேன். போத்தலில் ஒட்டியிருந்த தாளில், ஒரு மெசின் தண்ணீருக்கு ஒரு மூடி மருந்து, இரண்டு கிழமைக்கு ஒரு தரம் என்று இருந்தது. அக்காவும் ஒரு மூடிதான் விட்டார். ஆனால் அந்தப் போத்தலில் இருந்ததே பாதி மருந்து, பாதி கிணற்றுத் தண்ணீர். அதாவது அக்காவின் ஒரு மூடி, அரை மூடி. எங்கள் கிணற்றுத் தண்ணீரோ சுண்ணாம்புத் தண்ணீர். அதில் கலந்து கிடக்கக் கிடக்க அந்த மருந்தின் வீரியம் இன்னும் குறையும். அடித்தால் பூச்சி சாகாது. சாகவில்லை என்று நாலு நாளைக்கு ஒரு தரம் அடிப்பார். பழம் பழுக்கிற காலத்தில் மட்டும் மெசினைத் தொட மாட்டார்.

"அக்கா, நீங்கள் குடுக்கிற அளவு அதுகளைக் கொல்லுறதில்லை. அதுகளைப் பழக்குது."

"என்ன, எங்கடை பெரியப்பா கள்ளுக்குப் பழகின மாதிரியோ?"

"ஓம், கிட்டத்தட்ட அப்பிடித்தான். கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்க, அதுகளின்ரை உடம்பு நஞ்சை உடைக்கிற சாமானைக் கூடக் கூடச் செய்யுது. பழகாதது செத்துப்போக, பழகினது தப்பிக் குஞ்சு பொரிக்குது. சாகாமல் தப்பினது முந்தியிலும் பாக்கக் கனக்க முட்டையும் இடுது."

அக்கா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ, அப்ப நான் மருந்தடிக்கேல்லை, பிள்ளை. பிள்ளைப்பெத்தவளுக்குச் சரக்கரைச்சுக் குடுக்கிற மாதிரியெல்லோ உதுகளுக்குக் குடுத்து வந்திருக்கிறன்! குடிச்சுப் போட்டுப் புதுசு புதுசாப் பெறுகினம்."

"தண்ணி கலக்காத மருந்திலை ஒரு மூடி விட்டால் என்ன அக்கா?"

சிரிப்பு நின்றுவிட்டது. "அது சரிவராது" என்று மட்டும் சொல்லிவிட்டு மெசினைத் தோளில் மாட்டினார்.

ஏன் சரிவராது என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்குக் கடையில் புதுப் போத்தல் வாங்கிக்கொண்டு வந்த அக்காவைப் படலையில் வைத்துக் கண்டேன். உள்ளே வரவில்லை. படலைக்கு வெளியே குந்தியிருந்து, போத்தலைத் திறந்து, பாதியை ஒரு வெறும் போத்தலில் ஊற்றினார். அண்ணை உள்ளேயிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு போத்தலிலும் தண்ணீரை நிரப்பி, மூடி, குலுக்கிய பிறகுதான் எழும்பி உள்ளே வந்தார். கையில் உறையும் இல்லை, ஒன்றும் இல்லை.

"முழு மருந்து இந்தப் படலைக்குள்ளை வாறேல்லை, பிள்ளை" என்றார், நான் கேட்காமலே. "எனக்கொரு தங்கச்சி இருந்தவள். பத்தொன்பது வயசு. ஒரு சொல்லுத்தான். அந்தச் சொல்லைச் சொன்னதும் நான்தான். தோட்டத்துக்கு வாங்கி வைச்சது வீட்டுக்கை இருந்தது. அவள்..." வழக்கம்போல அரைவாசியில் நிறுத்திவிட்டார். அந்த மிச்சத்தை நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

பாதியாக்கினால் ஆபத்தும் பாதியாகிவிடாது என்பது எனக்குத் தெரியும். நஞ்சு படித்தவள் நான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அந்த மனுசி அத்தனை வருடமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொண்டிருக்கிறார். அவருடைய தேத்தண்ணீரும் சவர்க்காரமும் பாணும் ஏன் அரைவாசி என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. முழுதாக எதையும் வீட்டில் வைத்திருக்க அவருக்குப் பயம்.

இப்போது என் வண்டவாளத்துக்கு வருகிறேன்.

அந்தப் போகம் முடிகிற நேரம் அக்கா மருந்தடிப்பதை விட்டுவிட முடிவெடுத்திருந்தார். விவசாயப் போதனாசிரியர் வந்து, பூச்சி பிடித்த கொடிகளைக் கத்தரித்து எரித்துவிட்டு, வேப்பெண்ணெய் கரைத்து அடிக்கச் சொல்லியிருந்தார். அதோடு அக்காவுக்கு அடிக்கடி தலையிடி. மருந்தடித்த அன்றைக்கு வாய் ஊறுது, கண் மங்குது என்பார். "நான் குடுத்தும் உதுகள் சாகாது, நான்தான் சாகப்போறன். விடுவம் எண்டு நினைக்கிறன், பிள்ளை" என்றார், பகிடியாகத்தான்.

எனக்குப் பகீரென்றது. தலையிடிக்காக இல்லை. என் ஏழாம் தோட்டம் போகப்போகிறதே என்று. ஆறு தோட்டத்தில் ஆளுக்கொரு மாதிரி மருந்தடித்தார்கள், மாற்றினார்கள், விட்டார்கள். அரை மூடியை மாறாமல், நாள் தவறாமல் அடித்தது அக்கா ஒருவர்தான். கொல்லாத அளவு நஞ்சு ஒரு பூச்சியின் உடம்பைத் தலைமுறை தலைமுறையாக என்ன செய்கிறது என்பதைத் திறந்த தோட்டத்தில் பார்க்க அப்படியொரு இடம் இன்னொன்று கிடைக்காது. அது போனால் என் ஆய்வு நொண்டியாகிவிடும்.

"அக்கா, இன்னும் இரண்டு போகத்துக்கு இப்பிடியே அடிக்க மாட்டியளோ?" என்று கேட்டேன். "ஒண்டையும் மாத்தாமல். எனக்குச் சோதினை பாஸ் பண்ணவேணும்."

அக்கா பந்தலை அண்ணாந்து பார்த்தார். அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"உன்ரை படிப்புக்கு வேணுமெண்டால் அடிக்கிறன், தங்கச்சி" என்றார்.

அதுதான் முதல் தரம்.

"நான் வந்து சொல்லுமட்டும் நிப்பாட்டிப்போடாதேங்கோ, அக்கா" என்றேன். அந்த வசனம் அச்சரம் பிசகாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவருக்கும் இருந்திருக்கிறது.

இரண்டு போகம். அக்கா ஒரு நாள் தவறவில்லை. நான் போகும்போதெல்லாம் எனக்குப் பூச்சியும் அரைக் கோப்பைத் தேத்தண்ணீரும் தயாராக இருக்கும். ஒரு தரம், மெசினை ஆணியில் கொழுவப் போய் ஆணிக்குப் பக்கத்துச் சுவரில் கொழுவினார். அது விழுந்தது. எடுத்துத் திரும்பவும் சுவரில் கொழுவினார். "விசர்க் கண்" என்று தன்னையே பேசிக்கொண்டார். நிழலில் நின்றபோதும் அவருடைய கண்ணின் கருமணி கடுகளவுதான் இருந்தது. நிழலில் அது விரிந்திருக்க வேண்டும். கோப்பையை நீட்டும்போது கை ஆடித் தட்டில் தேத்தண்ணீர் சிந்தியது.

எனக்குத் தெரியாத விஷயமில்லை. நரம்பு வழியே ஒரு செய்தி போய்ச் சேர்ந்ததும் அதைத் துடைத்துவிட ஒரு நொதியம் இருக்கிறது. இந்த மருந்து அந்த நொதியத்தைத்தான் கட்டிப்போடும். துடைக்க ஆளில்லாமல் ஒரே செய்தி ஓடிக்கொண்டேயிருக்கும், உடம்பு நடுங்கும். பூச்சிக்கும் அதே நொதியம், மனிதருக்கும் அதே நொதியம். என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் இதை எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு வரி. அன்றைய என் களக் குறிப்பை இப்போது எடுத்துப் பார்த்தால், "மருந்து பட்ட பூச்சிகளில் கால் நடுக்கம், பிறகு பெரும்பாலானவை தெளிந்தன" என்று இருக்கிறது. அக்காவின் கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பூச்சியின் காலைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வைத்திருந்தவளுக்கு முன்னால் நின்ற மனுசியின் கை தெரியவில்லை. "டாக்குத்தரிட்டைக் காட்டுங்கோ அக்கா" என்று சொன்னேன்தான். ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதைதான் அது.

ஆய்வு முடிந்தது. சோதகர்கள் ஏழாம் தோட்டத்து நீலத்தைத்தான் கனநேரம் பார்த்தார்கள். பாராட்டினார்கள். கொழும்பில் வேலை கிடைத்தது. பிறகு கலியாணம். போன் ஒன்று துலைந்து இலக்கங்களும் துலைந்தன. இதெல்லாம் சாட்டு. போய்ச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை என்பதுதான் உண்மை. எனக்கு முடிந்துவிட்டது, ஆகவே எல்லாருக்கும் முடிந்துவிட்டது என்று இருந்துவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து, கோண்டாவிலில் ஒரு கலியாண வீட்டுக்கு வந்த இடத்தில், கிட்டத்தானே என்று உடுவிலுக்குப் போனேன். கையில் பலகாரப் பெட்டி. படலையைத் திறந்ததுமே பந்தலில் அரைவாசி இல்லாதது தெரிந்தது. தூண்கள் மட்டும் நின்றன. மற்ற அரைவாசி கொடியும் பஞ்சுமாக வெள்ளை பூத்துப்போய்க் கிடந்தது. ஒரு குலை பழம் இல்லை.

அண்ணை நொண்டிக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

"வாங்கோ பிள்ளை. நீங்கள் வருவியள் எண்டுதான் அந்தப் பக்கத்தை வெட்டாமல் விட்டிருக்கு" என்றார்.

"எனக்காகவோ அண்ணை?"

"உங்களுக்குத்தான். நான் வெட்டுவம் எண்டு கத்தி தூக்கினால் உவ குறுக்கை வந்து நிப்பா. பூச்சிக்காரப் பிள்ளை வந்து சொல்லுமட்டும் நிப்பாட்டேலாது, சொல்லுக் குடுத்திட்டன் எண்டு. டாக்குத்தரிட்டைக் காட்டினனான். மருந்தாலைதான் எண்டு அடிச்சுச் சொல்லேலாது, ஆனால் மருந்துப் பக்கம் போக விடாதேங்கோ எண்டவர். ஞாபகம் எல்லாம் குழம்பிப்போச்சு பிள்ளை. என்னையே சிலவேளை ஆரெண்டு கேக்கிறா. உதை மட்டும் மறக்கிறா இல்லை."

"அப்ப இன்னும் அடிக்கிறாவோ?"

அண்ணை குரலைத் தணித்தார். "ஒரு வருசமா மெசினுக்கை வெறும் தண்ணிதான். போத்தலுக்கும் நான் தண்ணிதான் விட்டு வைக்கிறன். உவவுக்குத் தெரியாது."

பந்தலுக்குக் கீழே அக்கா நின்றார். அதே சேட்டு, தலையில் துவாய். மெலிந்துபோன முதுகில் மெசின். அண்ணாந்து பார்த்து வெறும் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார், ஒரு கணுவும் விடாமல். மருந்தே படாமல் ஒரு வருடம் போனால் பூச்சியில் அந்த நொதியம் குறைந்திருக்குமோ, அளந்து பார்த்தால் என்ன? சத்தியமாக என் மண்டையில் முதலில் ஓடியது அதுதான். இப்படியும் ஒரு பிறவி!

"அக்கா, நான் வந்திட்டன்" என்றேன். "காணும் அக்கா. இனி நிப்பாட்டுங்கோ."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். கலியாண வீட்டுச் சேலை, நகை, பலகாரப் பெட்டி.

"நீ ஆர் பிள்ளை அதைச் சொல்ல? அதைச் சொல்லுற பிள்ளை வேறை. அவள் பெட்டியோடை வருவாள்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பி அடிக்கத் தொடங்கினார்.

என் பழைய பெட்டி எப்போதோ உடைந்துபோனது. அடுத்த நாள் காலையில் அரியாலையில் எங்கள் வீட்டு ஒழுங்கையில் மீன் கொண்டுவருகிறவரிடம் பெட்டியை இரவல் வாங்கி, தேய்த்துக் கழுவி, தம்பியின் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அக்கா படலையடிக்கே ஓடிவந்தார்.

"எங்கை பிள்ளை இவ்வளவு நாளும்? உது என்ன, பெட்டி மீன் மணக்குது?"

"பெட்டி மாறிப்போச்சு அக்கா. நான் சோதினை பாஸ். எல்லாம் முடிஞ்சுது. இனி அடிக்கத் தேவையில்லை."

"பாஸோ!" அக்கா இரண்டு கையாலும் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அந்தக் கைகள் என் கன்னத்தில் நடுங்கியது இன்னும் இருக்கிறது. "இஞ்சாருங்கோ! பிள்ளை பாஸாம்!" மெசினைக் கழற்றி நிலத்தில் வைத்தார். அரைக் கோப்பைத் தேத்தண்ணீர் வந்தது. அண்ணை பந்தலுக்குப் பின்னால் போய் நின்று அழுதார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அண்ணை போன் எடுத்தார். "பிள்ளை, காலமை எழும்பித் திரும்பவும் மெசினைத் தேடுறா. நீங்கள் வந்ததெல்லாம் மறந்துபோச்சு."

திரும்பப் போனேன். மீன்பெட்டியோடு. திரும்பவும் பாஸானேன். அதே சந்தோசம், அதே நெட்டி முறிப்பு, "இஞ்சாருங்கோ, பிள்ளை பாஸாம்!" பிறகு வேலையை யாழ்ப்பாணத்துக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். கிழமைக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ போவேன். எத்தனை தரம் பாஸானேன் என்று எண்ணவில்லை. ஒரு இலையில் எத்தனை பூச்சி என்று எண்ணினவள், இதை எண்ணவில்லை. போகப் போக மெசினைத் தூக்கும் பெலன் அவருக்கு இல்லாமல் போனது. பிறகு கட்டிலிலிருந்து எழும்பும் பெலனும் போனது. அண்ணை பந்தலின் மிச்சத்தை வெட்டி எரித்தார். அப்போதும் அக்கா, "அடிக்க நாளாச்சு, நாலு நாளாச்சு" என்று படுத்த படுக்கையில் விரல்களால் மெசின் கைபிடியைத் தேடிக்கொண்டிருப்பார்.

கடைசியாகப் போன அன்றும் பெட்டியைக் கட்டிலடியில் தெரியும்படி வைத்தேன். முகத்துக்குக் கிட்டக் குனிந்தேன்.

"அக்கா, நான் பாஸ் பண்ணிட்டன். முடிஞ்சுது. இனி நிப்பாட்டுங்கோ."

கண்ணைத் திறந்தார். பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார், வடிவாகத் தெரிந்துதான் பார்த்தார்.

"நான் எப்பவோ நிப்பாட்டியிருப்பன், தங்கச்சி" என்றார். "நீதான் வந்து சொல்லேல்லை."

அதில் கோபம் ஒரு துளியும் இல்லை. இருந்திருந்தால் எப்படியோ தாங்கியிருப்பேன்.